கதாஸ்தர் எண்ணும் ஆர்.எஸ். எண்ணும்: ஒரு பதிவேடு, பல வாசகர்கள்

1

வில்லியனூரிலோ பாகூரிலோ ஒரு நிலப் பத்திரத்தை எடுத்து அதன் சொத்து விவரத்தைப் படித்தால் வெளியூர்க்காரருக்குக் கொஞ்சம் தலை சுற்றும். ஆர்.எஸ். எண் என்று ஒன்று. அடுத்து கதாஸ்தர் எண் என்று இன்னொன்று. பிறகு பட்டா எண். பரப்பளவு ஹெக்டேர், ஆர், சென்டியார் கணக்கில் ஒரு தரம், குழிக் கணக்கில் மறு தரம். வரப்பைத் தாண்டிக் கடலூர், விழுப்புரம் மாவட்டப் பக்கம் போய்விட்டால் ஏக்கரும் சென்டும் வரும், கதாஸ்தர் வராது. மண் ஒன்றுதான், எழுதும் முறை வேறு.

'எதுக்கு இத்தனை நம்பர், ஒண்ணு போதாதா?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. பழைய எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மட்டும் வைத்துக்கொள்வதுதானே நவீனம்? அப்படித்தான் நிர்வாகம் பேசுகிறது. கணினிமயம் பற்றிய சொல்லாடல் இன்னும் உரக்கப் பேசுகிறது. அந்தப் பழைய எண் சோம்பலால் ஒட்டிக்கொண்ட எச்சமன்று என்பதை இக்கட்டுரை சொல்ல முயல்கிறது. ஒரே பதிவேட்டைப் பலர் வாசிக்கும்போது, அதன் கலங்களை மாற்றும் உரிமை யாருக்கு, மாற்றியதன் சுமை யார் தலையில் என்ற கேள்விகளுக்கு இந்தக் கொம்யூன்களின் வரலாறு தந்திருக்கும் அரைகுறையான, ஆனால் உருப்படியான பதில் அது.

2

முதலில் கணினிக்காரர்களின் சொல்லை அவர்களிடமிருந்தே வாங்கிக்கொள்வோம். தரவுத்தளம் என்பது அட்டவணைகளின் தொகுப்பு. அட்டவணையில் வரிசைகளும் கலங்களும். ஒரு கலத்தைப் புதிதாகச் சேர்ப்பது, பெயர் மாற்றுவது, இரண்டாகப் பிரிப்பது, நீக்குவது ஆகியவற்றை 'மைக்ரேஷன்' என்கிறார்கள். ஒரு செயலி மட்டும் அந்த அட்டவணையைப் பயன்படுத்தினால் சிக்கலில்லை. தன் வீட்டுச் சுவரைத் தானே இடித்துக் கட்டுவது மாதிரி. ஆனால் ஒரே அட்டவணையை மூன்று, நான்கு செயலிகள் பகிர்ந்துகொண்டால்? ஒன்று, தன் வசதிக்காகக் கலத்தின் பெயரை மாற்றும். மற்றது மறுநாள் காலை அதே கலத்தைத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பும்.

இன்று பரவலாக உள்ள ரூபி ஆன் ரெயில்ஸ் போன்ற கட்டமைப்புகளில், எந்த மைக்ரேஷன் ஓடி முடிந்தது என்பதை அதே தரவுத்தளத்துக்குள் ஒரு தனி அட்டவணை எண்ணிட்டு வைத்திருக்கும். இரண்டு செயலிகள் ஒரே தரவுத்தளத்தைப் பகிரும்போது ஒரு வேடிக்கை நேரும். முதல் செயலி செய்த மாற்றத்தின் எண் இரண்டாவதற்குத் தெரியும். அந்த மாற்றம் என்ன செய்தது என்று சொல்லும் கோப்பு மட்டும் அதன் கையில் இருக்காது. எண் இருக்கிறது, காரணம் இல்லை. மாற்றம் நடந்திருக்கிறது, யார் எதற்காகச் செய்தார்கள் என்பது தெரியாது.

நமது கிராமத்துக் குடியானவரின் நிலைமையும் இதுதான் என்று வாசகருக்குத் தோன்றினால் அது தற்செயலன்று. அதிகாரத்தின் ஆவணங்கள் எப்போதும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட், உறவுநிலைத் தரவுத்தளம் என்ற கருத்தை முன்வைத்த கட்டுரையை வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே 'பெரிய பொதுத் தரவு வங்கிகள்' என்ற பொருள் தரும் தொடர் இருக்கிறது. பலர் சேர்ந்து பயன்படுத்தும் தரவு என்பது பின்னால் வந்த தொல்லையன்று, பிறப்பிலேயே இருந்த சிக்கல். உள்ளே தரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை வாசகர் அறிந்திருக்க வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது. அடுக்கு மாறினாலும் அவர் வேலை கெடக் கூடாது. காட்டின் வாதத்தின் சாரம் இது. அதே 1970இல்தான் புதுச்சேரி, நிலவரித் திட்டத்துக்கான செட்டில்மென்ட் சட்டத்தை இயற்றியது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் கேள்வி ஒன்றுதான்.

3

ஒரு பதிவேட்டுக்குப் பல வாசகர்கள் என்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெளியான பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாக்குகிறது. செப்பேட்டில் சமஸ்கிருதப் பகுதி ஒன்று, தமிழ்ப் பகுதி ஒன்று. வம்சப் பெருமையும் தானத்தின் புகழும் சமஸ்கிருதத்தில். எல்லை எது, யாருக்கு என்ன விலக்கு என்பது தமிழில்.

இதை இருமொழிப் புலமை என்று மட்டும் வாசித்தால் போதாது. அவைக்கு ஒரு பிரதி, வரப்புக்கு ஒரு பிரதி. இரண்டையும் ஒரே செம்பில் பொறித்தார்கள். வாசகர் யார் என்பதைப் பொறுத்து எதைக் காட்டுவது என்று முடிவாகிறது. கணினியில் இதற்கு 'வியூ' என்று பெயர்: அட்டவணை ஒன்றே, ஒவ்வொரு செயலிக்கும் அதற்கு வேண்டிய முகம். இங்கே கவனிக்க வேண்டியது, எந்த முகத்தில் அதிகாரம் தன்னை எழுதிக்கொள்கிறது, எந்த முகத்தில் உழைப்பு எழுதப்படுகிறது என்பதைத்தான். நிலத்தில் இறங்கி உழுதவன் பெயர் இரண்டு முகத்திலும் இல்லை.

4

பிரெஞ்சுக்காலத்துக்கு வருவோம். 1854 ஜனவரி 16 ஆணை, நிலவரி செலுத்திப் பயிரிட்டு வந்த குடிகளை நிலத்தின் முழு உடைமையாளர்களாக ஏற்றது. கதாஸ்தர் என்ற நில அளவைப் பதிவேடு, அந்த உடைமைக்கு எண்ணும் பரப்பும் கொடுத்தது. 'உடையவர்' என்று ஒரு கலம், அதில் ஒரு பெயர். எல்லாம் தெளிவாகிவிட்டது போல ஒரு தோற்றம்.

ஆனால் அந்தக் கலத்தை யார் யார் வாசித்தார்கள்? வரி வசூலிப்பவர் ஒரு வாசகர். கலத்தில் உள்ள பெயருக்கு வரிச்சீட்டு அனுப்பினால் அவர் வேலை முடிந்தது. பத்திரம் எழுதும் நொத்தேர் இன்னொரு வாசகர். விற்கிறவருக்கு விற்க உரிமை உண்டா என்பது அவர் கவலை. நீதிமன்றம் மூன்றாவது; செத்துப்போனவரின் சொத்து யாருக்கு என்பது அதன் வழக்கு.

மூன்றாவது வாசகரிடம்தான் சிக்கல் தொடங்குகிறது. புதுச்சேரியில் வழங்கிய இந்து வழக்கச் சட்டப்படி தகப்பனே முழு உடைமையாளர். பக்கத்துச் சென்னை மாகாணத்தில் பிள்ளைகளுக்கு இருந்த பிறப்புரிமை இங்கு இல்லை. இன்னொரு பக்கம், 1881 செப்டம்பர் 21 ஆணை வழியாகத் தம் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' குடும்பங்கள். அவர்களுக்கு மகனும் மகளும் சம பங்கு. வில்லியனூரில் அடுத்தடுத்த இரண்டு வயல்கள். பதிவேட்டில் அடுத்தடுத்த இரண்டு வரிசைகள். உடையவர் கலத்தில் ஆளுக்கொரு பெயர். ஒரு பெயருக்குப் பின்னால் மகள் இருக்கிறாள், மற்றதற்குப் பின்னால் இல்லை. பதிவேட்டைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. கலம் ஒன்று, அர்த்தம் இரண்டு.

அளவும் இப்படித்தான். புதுச்சேரிக் குழி 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. காரைக்கால், தஞ்சைப் பக்கத்துக் குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. 'குழி' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு மடங்கு வித்தியாசம். ஒரே ஆட்சியின் கீழ் இருந்த இரண்டு பிரதேசங்களின் கணக்கை ஒரே கலத்தில் கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஹெக்டேரும் ஆரும் மேலே எழுதப்பட்டும் குழி பக்கத்திலேயே நின்றதற்குக் காரணம், வாங்குகிறவனும் விற்கிறவனும் குழியில்தான் பேரம் பேசினார்கள். 'எத்தினி குழி?' என்பதே இன்றுவரை கேள்வி.

5

1954 நவம்பர் 1இல் ஆட்சி நடைமுறையில் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி. கொடி மாறுவது ஒருநாள் வேலை. பதிவேடு மாறுவதற்குப் பத்திருபது வருஷம் பிடித்தது.

1963இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கு நீட்டிக்கப்பட்டது. ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்ற விலக்கோடு. இதில் கதாஸ்தரின் ஒரு எழுத்துகூட மாறவில்லை. கலத்தின் பெயர் அதே, உள்ளே இருந்த பெயரும் அதே. ஆனால் அதன் பொருள் மாறிப்போயிற்று. மைக்ரேஷன்களில் மிக ஆபத்தானது இந்த வகைதான். கலத்தை நீக்கினால் வாசிக்கிறவருக்கு உடனே தெரியும், சத்தம் போடுவார். பொருளை மட்டும் மாற்றினால் எல்லாம் வழக்கம்போல ஓடும், தவறாக ஓடும். பல வருஷம் கழித்து ஒரு மகள் பாகம் கேட்டு வழக்குப் போடும்போதுதான் பழைய பொருளா புதிய பொருளா என்ற கேள்வியே எழும். புதுச்சேரி வழக்கச் சட்டத்தின் தகப்பன் உரிமை பற்றிய வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது இதனால்தான்.

அடுத்து, பத்திரம். பிரெஞ்சு முறையில் அசல் நொத்தேரிடம் தங்கும், கட்சிக்காரர் கையில் நகல். இந்தியப் பதிவு முறையில் அசல் கட்சிக்காரரிடம், நகல் பதிவகத்தின் புத்தகத்தில். 1968ஆம் ஆண்டுச் சட்ட நீட்டிப்புகளையொட்டி இந்திய முறை இங்கே நிலைபெற்றபோது 'அசல் எங்கே இருக்கிறது' என்ற கேள்விக்கான பதில் தலைகீழானது. ஒரே தரவுக்கு இரண்டு பிரதி இருந்து, இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது? தரவுத்தளம் கட்டுகிறவர்கள் முதலில் தீர்க்க வேண்டியது இதைத்தான். வில்லியனூர் வீட்டுப் பெட்டியில் பிரெஞ்சுக்கால நகலும் பிற்காலத்து அசலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்போது அந்தக் கேள்விக்கு வீட்டுக்காரர் தானே பதில் தேட வேண்டியதாகிறது.

பிறகு மறு அளவை. 1967இல் அளவை, எல்லைச் சட்டம். 1970இல் செட்டில்மென்ட் சட்டம். ஒவ்வொரு வயலும் புதிதாக அளக்கப்பட்டு ஆர்.எஸ். எண் பெற்றது. ஒரு கதாஸ்தர் எண் உடைந்து பல ஆர்.எஸ். எண்ணாகலாம்; பல கதாஸ்தர் எண் சேர்ந்து ஒன்றாகலாம். ஒன்றுக்கு ஒன்று என்ற சுலபமான உறவு கிடையாது. பழைய எண்ணுக்கு எதிரே புதிய எண்ணை எழுதிய பட்டியலை அலுவலக மொழியில் 'கோரிலேஷன்' என்பார்கள். அந்தப் பட்டியல்தான் மைக்ரேஷன் கோப்பு. அது இல்லாவிட்டால் எண் இருக்கும், காரணம் இருக்காது.

பட்டியல் அலுவலகத்தில் இருந்தது. ஆனால் ஜனங்கள் அலுவலகத்தை நம்பி இருக்கவில்லை. பழைய எண்ணையும் பத்திரத்திலேயே எழுத வைத்தார்கள். வில்லங்கம் பார்க்கிறவருக்கு இதன் அருமை தெரியும். புதிய எண்ணை மட்டும் வைத்துத் தேடினால், பழைய எண்ணின் கீழ் பதிவான அடமானம் கண்ணிலேயே படாது. நிலம் சுத்தமாகத் தெரியும். வாங்கிய பிறகு கடன்காரர் வந்து நிற்பார். கதாஸ்தர் எண்ணைச் சுமந்து திரிவது, இந்த மாதிரி மறைவுகளுக்கு எதிராக மக்கள் தாமே வைத்துக்கொண்ட காப்பு.

6

ஆனால் இதை மக்களின் வெற்றி என்று கொண்டாடிவிட்டுப் போவதற்கில்லை. பழைய எண்ணைச் சுமக்க வேண்டுமானால் முதலில் ஒரு எண் இருந்திருக்க வேண்டும். எண்ணே இல்லாதவர்கள்?

கதாஸ்தருக்கு உடையவர் தெரியும், குத்தகைக்காரர் தெரியாது. பண்ணையாரின் நிலத்தோரம் குடிசை போட்டுத் தலைமுறையாக இருந்த கூலிக் குடும்பம் தெரியாது. பாகூர் ஏரித் தண்ணீரில் விளைந்த நெல்லை அறுத்த கை எந்தக் கலத்திலும் இல்லை. புதுச்சேரியில் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1970இலும், குடியிருப்பு மனைகளில் வசிப்போருக்கு உடைமை வழங்கும் சட்டம் 1973இலும் வந்தன. இவற்றைச் சீர்திருத்தம் என்று மட்டும் பார்க்கிறோம். பதிவேட்டின் கண்ணோடு பார்த்தால் இவை கலம் சேர்க்கும் மைக்ரேஷன்கள். 'இங்கே இன்னொருவரும் இருக்கிறார்' என்று அட்டவணையை ஒப்புக்கொள்ள வைத்த செயல்கள். புதிய கலம் வந்தாலும் அதில் பெயர் எழுதுவதற்கு ஆதாரம் கேட்பார்கள். ஆதாரமோ பழைய கலங்களில்தான் இருக்க வேண்டும். இல்லாதவரிடம் இல்லாததையே ஆதாரமாகக் கேட்கும் விசித்திரம் இது.

வரப்புக்கு அந்தப் பக்கமும் கதை வேறில்லை. தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நடந்த 'யு.டி.ஆர்.' என்ற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், ஏக்கர் கணக்கை ஹெக்டேராக்கியது. பட்டாதாரர் பெயர்களைத் திருத்தி எழுதியது. எழுதும்போது பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, அண்ணன் பேர் விட்டுப்போய்த் தம்பி பேர் மட்டும் ஏறியது. 'யு.டி.ஆர். தவறு' என்ற சொல்லே தாலுகா அலுவலகங்களில் ஒரு தனி மனு வகையாகிவிட்டது. நாற்பது வருஷம் கழித்தும் அந்த மனுக்கள் வருகின்றன. பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பில்லாமல் புதியதே உண்மை என்று அறிவித்ததன் விலை அது. ஜேம்ஸ் ஸ்காட் 1998இல் வெளியான தம் நூலில், அரசு தன் குடிகளை வாசிக்கத்தக்க வடிவுக்கு மாற்றுவதைப் பற்றி எழுதினார். நமது அனுபவம் அதில் ஒரு வரி சேர்க்கிறது: வாசிக்கிற அரசு ஒன்றன்று, பல. ஒரு துறை திருத்திய பக்கத்தை இன்னொரு துறை படிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் குடியானவர் தபால்காரராக அலைகிறார்.

7

இப்போது எல்லாம் திரையில். புதுச்சேரியின் நில ஆவணக் கணினி அமைப்புக்கு 'நிலமகள்' என்று பெயர். தமிழ்நாட்டில் வருவாய்த் துறைக்குத் 'தமிழ் நிலம்', பதிவுத் துறைக்கு 2018 முதல் 'ஸ்டார் 2.0'. நிலத் தகவல்களை வருவாய், அளவை, பதிவு ஆகிய மூன்று தரப்பும் வாசிக்கின்றன. வங்கி வாசிக்கிறது, நீதிமன்றம் வாசிக்கிறது, வேளாண் உதவித் திட்டங்கள் வாசிக்கின்றன. மத்திய அரசு 2021இல் தொடங்கிய திட்டத்தில் ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் அதன் புவியிட அளவைகளைக் கொண்டு 14 இலக்க அடையாளம் தரப்படுகிறது. கதாஸ்தர் எண், ஆர்.எஸ். எண் வரிசையில் மூன்றாவது எண்.

பெயர்களிலேயே குழப்பம் காத்திருக்கிறது. 'பாகூர்' என்றால் ஒரு ஊர், ஒரு கொம்யூன், ஒரு தாலுகா, ஒரு சட்டமன்றத் தொகுதி. நான்கின் எல்லையும் ஒன்றன்று. ஊரில் பேசும்போது யாருக்கும் இது சிக்கலில்லை, இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். அட்டவணைக்கு இடம் பொருள் தெரியாது. கொம்யூன் பஞ்சாயத்தின் வீட்டுவரிப் பட்டியலையும் வருவாய்த் துறையின் கிராமப் பட்டியலையும் 'பாகூர்' என்ற சொல்லை வைத்து இணைத்தால் இரண்டும் கெடும்.

தரவுத்தளக்காரர்கள் பட்டுப் பட்டுக் கற்ற பாடங்கள் சில உண்டு. அட்டவணை பொதுவாக இருந்தால் அதன் அமைப்பை மாற்றும் கோப்புகளும் ஒரே பொது இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு செயலியும் தன் பையில் தனித்தனி மைக்ரேஷன் வைத்துக்கொள்ளக் கூடாது. மாற்றும் பொறுப்பு ஒருவரிடம், மாற்றத்தை முன்கூட்டி அறியும் உரிமை எல்லாரிடமும். கலத்தை மாற்ற வேண்டுமென்றால் முதலில் புதியதைச் சேர். இரண்டையும் கொஞ்ச காலம் சேர்த்து நடத்து. எல்லா வாசகரும் புதியதற்கு வந்துவிட்டார்கள் என்று உறுதியான பிறகே பழையதை எடு. ஸ்காட் ஆம்ப்ளரும் பிரமோத் சாதாலகேயும் 2006இல் எழுதிய தரவுத்தள மறுசீரமைப்பு நூல் இந்த இடைப்பட்ட காலத்தை ஒரு முறையாகவே வகுத்துத் தருகிறது. ஓடி முடிந்த மைக்ரேஷனைத் திருத்தாதே, தவறானால் இன்னொன்று எழுது என்பது இன்னொரு விதி. வரலாற்றை அழித்து எழுதாதே என்பதைத்தான் அவர்கள் தொழில்மொழியில் சொல்கிறார்கள்.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிறுவனத்துக்குள் எல்லாச் செயலிகளும் புதிய கலத்துக்கு வந்துவிட்டனவா என்று எண்ணிப் பார்த்துவிடலாம். இடைக்காலத்துக்கு முடிவு தேதி வைக்கலாம். நிலத்தில் அப்படியில்லை. பதிவேட்டின் கடைசி வாசகர் எந்தத் துறையும் அல்லர்; வீட்டுப் பெட்டியில் ஒரு பழைய காகிதத்தை வைத்திருக்கும் கிழவி. பாகப்பிரிவினை வரும்வரை, கடன் வாங்கும்வரை, சாலைக்கு நிலம் எடுக்கும்வரை அவர் அதை எடுத்துப் படிக்கப் போவதில்லை. முப்பது வருஷம் கழித்து அவர் படிக்க வரும்போது அவர் கையிலுள்ள எண்ணுக்குப் பதில் சொல்லும் கலம் இருக்க வேண்டும். ஆகவே நிலப் பதிவேட்டில் இடைக்காலம் முடிவதே இல்லை. பழைய கலத்தை நீக்கும் கடைசிப் படி இங்கே செல்லாது.

இதிலிருந்து கோரிக்கைகள் பிறக்கின்றன, அவை எளியவை. புதிய எண் வரும்போது கதாஸ்தர் எண்ணும் ஆர்.எஸ். எண்ணும் திரையிலும் அச்சிலும் கூடவே வர வேண்டும். எந்த எண் எப்போது, யார் உத்தரவால், எதிலிருந்து எதுவாக மாறியது என்ற பட்டியல் தமிழில், கொம்யூன் அலுவலகத்தில், கேட்பவருக்கெல்லாம் கிடைக்க வேண்டும். எந்தத் துறையும் பொதுக் கலத்தின் பொருளை மற்றவருக்குச் சொல்லாமல் மாற்றக் கூடாது. சட்டம் வழியாக மாறும்போதும் அந்தத் தேதி பதிவேட்டிலேயே ஏற வேண்டும். உடையவர் கலத்துக்குப் பக்கத்தில் உழுபவருக்கும் குடியிருப்பவருக்கும் கலம் இருக்க வேண்டும்.

பதிவேட்டை யார் படிக்கலாம் என்பது பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். தகவல் உரிமைச் சட்டம்கூட 2005இல் வந்துவிட்டது. அதன் கலங்களை யார் வெட்டலாம், யார் சேர்க்கலாம் என்ற கேள்வியைத் தொழில்நுட்பம் என்று ஒதுக்கிவிட்டோம். வில்லியனூரிலும் பாகூரிலும் மூன்று ஆட்சிமொழிகளும் இரண்டு வாரிசுச் சட்டங்களும் இரண்டு நில அளவைகளும் கடந்து வந்த ஜனங்கள் அதை ஒதுக்கவில்லை. பத்திரம் எழுதும்போது, 'பழைய நம்பரையும் போடுங்க' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.